மார்ச் 29, மாலை ஆறு மணி

நேர்மையான மேலதிகாரி என்றதும் மேசைக்கு வந்த லஞ்சப் பெட்டியைத் திருப்பித் தள்ளுகிறவர்தான் நம் மனக்கண்ணில் வருவார். நிஜத்தில் பெரும்பாலான அதிகாரிகள் முன் பெட்டி எதுவும் வருவதில்லை. நிதியாண்டு முடிய இரண்டே நாள் இருக்கும்போது, மார்ச் 29-ஆம் தேதி மாலை ஆறு மணிக்கு ஃபைனான்ஸ் மேனேஜர் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு, "சார், கொஞ்சம் குறையுது. ஏப்ரல் பில்லை இதுலயே காட்டிட்டா சரியாயிடும்" என்பார். பொய் என்ற சொல்லே அதில் இருக்காது. குறையுது, காட்டிட்டா, சரியாயிடும் எல்லாமே கணக்குப் பேச்சு. ஒரு முடிவு கணக்காக மட்டும் காதில் விழும்போது, அதில் சரி தவறு பார்க்கவேண்டிய இடம் இருப்பதே மனத்துக்குத் தட்டுப்படுவதில்லை. டென்பிரன்செல், மெஸிக் என்ற ஆய்வாளர்கள் 2004-ல் இதை விரிவாக எழுதினார்கள். தமிழில் 'அறம் மங்கிப்போதல்' என்று சொல்லலாம்.

அந்த "கொஞ்சம்" எப்படி வளர்கிறது என்று பாருங்கள். உண்மையான லாபம் 100. காட்டியது 103. அடுத்த வருடம் 20 சதவீத வளர்ச்சியை எதிர்பார்ப்பவர்கள் 103-க்கு மேல்தான் கணக்குப் போடுவார்கள்: 123.6. நிஜத்தில் 15 சதவீதம் வளர்ந்து 115 வந்திருக்கிறது. பள்ளம் 8.6 ஆகிவிட்டது. மூன்றாம் வருடம் எதிர்பார்ப்பு 148, கையில் 132. பள்ளம் 16. ஒவ்வொரு வருடமும் அந்த மேலதிகாரி எடுப்பது போன வருடத்தைவிடச் சற்றே பெரிய ஒரு முடிவுதான். முதல் வருடமே யாராவது "16 ரூபாய் பொய் சொல்லுங்கள்" என்று கேட்டிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

ஹைதராபாத் ஐ.டி. நிறுவனமான சத்யம் கம்ப்யூட்டர்ஸில் நடந்தது இதுதான். 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவர் ராமலிங்க ராஜு மோசடியை ஒப்புக்கொண்டு எழுதிய கடிதத்தை மேனேஜர் பொறுப்புக்கு வரும் ஒவ்வொருவரும் ஒருமுறை வாசிக்க வேண்டும். 2008 செப்டம்பர் காலாண்டில் காட்டிய செயல்பாட்டு லாபம் 649 கோடி, உண்மையில் 61 கோடி. கணக்கில் இருந்த ரொக்கமும் வங்கி இருப்பும் 5,361 கோடி, அதில் 5,040 கோடி இல்லவே இல்லை. இல்லாத லாபத்தை எங்காவது உட்கார வைக்க வேண்டும், அதனால் இல்லாத ரொக்கம். ரொக்கம் இருந்தால் வட்டி வர வேண்டும், அதனால் வராத வட்டி 376 கோடி. ஆரம்பத்தில் இடைவெளி சிறியதாகத்தான் இருந்தது என்று அவரே எழுதுகிறார். புலிமேல் ஏறிவிட்டோம், அதற்கு இரையாகாமல் இறங்க வழி தெரியவில்லை என்கிறார். நம் ஊரில் புலிவாலைப் பிடித்த கதை என்போம்.

ராஜு வில்லன் முகத்தோடு உலவியவர் அல்ல. 2005-ல் ஹைதராபாத்தில் 108 ஆம்புலன்ஸ் சேவைக்கு வித்திட்டவர். அதனால் பிழைத்த உயிர்கள் நிஜம். 2008-ல் சத்யத்துக்கு நல்ல நிர்வாகத்துக்கான விருதும் கிடைத்தது. அவர் மனத்துக்குள் புகுந்து பார்க்க நம்மால் ஆகாது. ஆனால் நல்லது செய்தவன் என்ற நினைப்பே அடுத்த தவறுக்கு உள்ளுக்குள் அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும் என்பதை மோனின், மில்லர் ஆகியோரின் 2001 ஆய்விலிருந்து உளவியல் பேசிவருகிறது. என் பார்வையில், "நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை" என்று உறுதியாக நம்பும் அதிகாரிதான் அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியவர்.

அடுத்தது கீழே இருப்பவர்கள். "எனக்குக் காரணம் வேண்டாம், ரிசல்ட்தான் வேண்டும்" என்று சொல்லும் எம்.டி. ஊக்கம் கொடுப்பதாக நினைக்கிறார். கேட்பவருக்கு அது "எப்படி என்று நான் கேட்க மாட்டேன்" என்றுதான் விழுகிறது. எள் என்றால் எண்ணெயாக நிற்கும் ஆட்கள் எல்லா ஆபீஸிலும் உண்டு. உத்தரவே வேண்டாம், முகக்குறிப்பு போதும்.

இதற்கு மருந்தாக வருடத்துக்கு ஒரு மணி நேர ஒழுக்கப் பயிற்சி வைத்து, கடைசியில் எல்லோரிடமும் கையெழுத்து வாங்குகிறார்கள். படிவத்தின் தலையிலேயே கையெழுத்து வாங்கினால் பொய் குறையும் என்று இன்னமும் சில பயிற்சியாளர்கள் சொல்கிறார்கள். தயவுசெய்து நிறுத்துங்கள். அப்படிச் சொன்ன 2012 ஆய்வுக்கட்டுரையின் தரவே நம்பத்தக்கதல்ல என்று தெரிந்து 2021-ல் திரும்பப் பெறப்பட்டுவிட்டது.

வேலை செய்வது நாள்காட்டியில் செய்யும் சின்ன மாற்றங்கள். காலாண்டுக்கு 90 நாள் என்றால் 60-ஆம் நாளே "இப்போதைய வேகத்தில் எவ்வளவு வரும்?" என்று எண்ணோடு கேளுங்கள். அப்போது குறைந்தால் போர்டுக்குச் சொல்ல, செலவைத் தள்ளிப்போட, பாக்கியை வசூலிக்க முப்பது நாள் இருக்கிறது. 88-ஆம் நாள் கேட்டால் மிஞ்சுவது எக்செல் ஷீட் மட்டும். அவசரம் நல்லவர்களையும் எப்படி மாற்றும் என்பதற்கு 1973-ல் வெளிவந்த பிரின்ஸ்டன் சோதனை சாட்சி. பாதிரியார் படிப்பு மாணவர்களில், நேரம் இருந்தவர்களில் 63 சதவீதம் பேர் வழியில் சுருண்டு கிடந்தவருக்கு உதவினார்கள். தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் 10 சதவீதம்தான்.

டார்கெட் தவறினால் விசாரணை, எட்டினால் கேக் என்பதுதான் பெரும்பாலான ஆபீஸ் வழக்கம். எட்டினாலும் விசாரியுங்கள். காலாண்டின் கடைசி ஐந்து நாளில் போட்ட இன்வாய்ஸ்களையும், அடுத்த காலாண்டின் முதல் பதினைந்து நாளில் வந்த கிரெடிட் நோட் (பில் தொகையைக் குறைத்துக் கொடுக்கும் சீட்டு), ரிட்டர்ன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒரே வாடிக்கையாளர் பெயர் இரண்டிலும் வந்தால், விற்காததை விற்றதாகக் காட்டியிருக்கலாம்; டெலிவரி சலானைக் கேளுங்கள். வங்கி இருப்புக் கடிதம் கம்பெனி வழியாக வராமல் வங்கியிலிருந்து நேரே ஆடிட்டருக்குப் போகட்டும். சத்யத்தில் போலி வங்கிக் கடிதங்களும் டெபாசிட் ரசீதுகளும் செல்லுபடியானது இந்த ஓட்டை வழியாகத்தான். பில்லிங் சாஃப்ட்வேரில் எதையும் மாற்றக்கூடிய அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் என்ன செய்தார் என்ற பதிவை ஃபைனான்ஸுக்கு வெளியே ஒருவர் மாதாமாதம் பார்க்கிறாரா என்பதையும் கவனியுங்கள். சத்யத்தில் 7,000-க்கும் மேற்பட்ட போலி இன்வாய்ஸ்கள் மற்றவர் கண்ணில் படாமல் மறைக்கப்பட்டிருந்தன.

எல்லாவற்றையும்விட முக்கியம், கெட்ட செய்தியோடு ஒருவர் அறைக்குள் வரும்போது உங்கள் வாயில் வரும் முதல் கேள்வி. "ஏன் இப்படி ஆச்சு?" என்றால் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். "எப்போ தெரிஞ்சுது? வேற யாருக்குத் தெரியும்? நமக்கு எத்தனை நாள் இருக்கு?" என்று கேட்டால் மீதியும் வெளியே வரும். அவர் போன பிறகு அந்தப் பெயரை டைரியில் குறித்துவையுங்கள். அப்ரைசல் சமயத்தில் அவருக்கு என்ன மதிப்பெண் விழுந்திருக்கிறது என்று நீங்களே எடுத்துப் பாருங்கள். குறைந்திருந்தால், போட்டவரைக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள்.