அத்தையின் கட்டை விரல்

போன செவ்வாய்க்கிழமை அத்தையை வங்கிக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏடிஎம் அட்டை காலாவதியாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும். கவுண்டரில் இருந்த பெண் அடையாள அட்டையைச் செருகிவிட்டு, கருவியில் கட்டை விரலை வைக்கச் சொன்னார். வைத்தார். சிவப்பு விளக்கு. சேலையில் துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. இடது கை, அதுவும் சிவப்பு. முப்பத்திரண்டு வருடம் ரப்பர் பால் வெட்டி, அப்புறம் செம்பனை உதிரிப் பழம் பொறுக்கிய கை. ரேகை எங்கே மிச்சம் இருக்கும்?

“எசோக் டாத்தாங் லாகி, மக்சிக்.” நாளைக்கு வரணுமாம். தோட்டத்திலிருந்து சுங்கை சிப்புட் பட்டணத்துக்குப் போக வர வாடகைக் கார் 30 வெள்ளி (மலேசிய ரிங்கிட்).

வெளியே வந்ததும் அத்தை கேட்டார்: “ஏம்பா, காசு போடும்போதெல்லாம் யாரும் விரலைக் கேக்கலையே?”

சட்டம் இல்லாமல் இல்லை. 2013-ல் நிதிச் சேவைகள் சட்டம் வந்தது. வாடிக்கையாளரை நியாயமாக நடத்த வேண்டும் என்று 2019-ல் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா தனிக் கொள்கை ஆவணமே போட்டது. 20 வெள்ளியில் திறக்கும் அடிப்படைச் சேமிப்புக் கணக்கு 2005-லிருந்தே இருக்கிறது. மாதம் 6 முறை கவுண்டர், 8 முறை ஏடிஎம், கட்டணம் கிடையாது. எங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் குடியிருப்பில்) எத்தனை பேருக்கு இது தெரியும்? கேட்டால்தான் சொல்வார்கள், கேட்பதற்கு முதலில் தெரிந்திருக்க வேண்டும்!

இன்னொரு பக்கம், சம்பளத்தை வங்கிக் கணக்கில்தான் போட வேண்டும் என்கிறது 1955-ஆம் ஆண்டு வேலைச் சட்டம். தொழிலாளியே வேண்டாமென்று கேட்டால்தான் விலக்கு. நல்ல விஷயம்தான், கிராணி (தோட்டத்து எழுத்தர்) கையில் சம்பளம் குறைந்த கதையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால் தொழிலாளியை வங்கிக்குத் தள்ளிய சட்டம், அங்கே போனவருக்குக் கதவு திறக்கிறதா என்று அதே கறாரோடு பார்க்க வேண்டாமா?

வட்டி முதலைக்கு ரேகை தேவையில்லை. உரிமம் பெற்றவர் அடமானம் இல்லாத கடனுக்கு வருடம் 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக்கூடாது என்கிறது கடன் கொடுப்போருக்கான 1951 சட்டம். மின்கம்பத்தில் நம்பர் ஒட்டிவைத்திருப்பவன் அதை மாதக் கணக்கில் வாங்குகிறான், ஏடிஎம் அட்டையையும் பிடுங்கி வைத்துக்கொள்கிறான்.

எங்கள் ஊர் அரசியல் தலைவர் துன் சம்பந்தன் 1960-ல், தோட்டங்களைத் தொழிலாளர்களே சேர்ந்து வாங்குவதற்கான தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்குப் பங்கு சேர்த்தபோது தோட்டம் தோட்டமாகப் போனார். 100 வெள்ளிப் பங்கை மாதம் பத்துப் பத்தாகக் கட்டினார்கள். ஜனங்களிடம் பணம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஐரோப்பிய ஒன்றியத்தில் அடிப்படைக் கணக்கு 2014-ல் வந்த சட்டத்தின்படி உரிமை. இங்கே நான் கேட்பது அதைவிடச் சின்னது. ரேகை விழாவிட்டால் அன்றைக்கே, அதே கவுண்டரில், வேறு வழியில் ஆளைச் சரிபார்க்க வேண்டும். முடியாது என்றால் காரணத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டும் சட்டத்திலேயே இருக்கட்டும். (அடையாள அட்டையே இல்லாதவர்கள் பாடு தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன்.)

புதன்கிழமை மறுபடியும் போனோம், இன்னொரு 30 வெள்ளி. மேலாளர் வந்தார், அட்டைப் படத்தையும் அத்தை முகத்தையும் பார்த்தார், கையெழுத்துப் போட்டார். ஐந்து நிமிடம். செவ்வாய்க்கிழமையும் அவர் அந்தக் கண்ணாடி அறையில்தான் உட்கார்ந்திருந்தார்.