இலங்கைக்கு எப்ப வரலாம் என்று கேட்கிற சொந்தங்களுக்கு

டிசம்பரில் இருந்து மார்ச் வரைதான் இலங்கைக்கு வர நல்ல காலம் என்று முதலில் எழுதி வைத்தவர் யாரோ தெரியாது. அவர் ஒரு தரமாவது மார்கழியில் எங்கள் கிழக்குப் பக்கம், பாசிக்குடாக் கரையில் வந்து நின்றிருக்க மாட்டார்.

என் மச்சாள் கனடாவில் இருந்து அதை வாசித்துவிட்டுத்தான் வந்தாள். கிறிஸ்மஸ் லீவு, இரண்டு பிள்ளைகள், ஐந்து நாளுக்கு ஹோட்டல் அறை. கட்டுநாயக்காவில் இறங்கும்போது நல்ல வெயில். மன்னம்பிட்டி தாண்ட மழை பிடித்தது. அந்த ஐந்து நாளில் அது விட்டுக் கொடுத்தது ஒரேயொரு பின்னேரம். இடுப்பளவுத் தண்ணிக்குள் எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்று பேர்போன கடல், தேத்தண்ணி நிறத்தில் கலங்கிக் கிடந்தது. சிவப்புக் கொடி. பிளாஸ்டிக் கதிரைகளை அடுக்கிக் கயிற்றால் கட்டி வைத்திருந்தார்கள். சின்னவன் மணல் வாளியோடு கரைக்குப் போக, வாடிக்குள் இருந்து வலை பொத்திக்கொண்டிருந்த ஒரு ஐயா, "இப்ப வாடை மனே, இறங்கப்படா" என்றார். வாடை என்றால் வடகிழக்கில் இருந்து வரும் மாரிக் காற்று. ஹோட்டல்காரர் மட்டும் 'சீசன்' விலையில் ஒரு ரூபாயும் குறைக்கவில்லை. எனக்கு இன்றைக்கும் அதில்தான் கோபம்.

இந்த டிசம்பர்க் கதை தெற்குக் கரையில் ஹிக்கடுவ, உனவட்டுன, மிரிஸ்ஸ பக்கத்துக் கதை. அங்கே அது முழு உண்மை. எங்கள் கிழக்குக்கு அப்படியே தலைகீழ். மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குக் காற்று தன் மழையை எல்லாம் இரத்தினபுரியிலும் ஹட்டனிலும் கொட்டித் தீர்த்துவிட்டு, மலையால் இறங்கி வெறுங்கையோடு எங்களிடம் வரும். அதுதான் கச்சான். (வெளியூர்ப் பிள்ளைகள் கச்சான் என்றால் வறுத்த கடலை என்று நினைக்கிறார்கள். அதுவும் சரிதான், அது வேறு கச்சான்.) அந்த மாதங்களில் நிலாவெளியும் பாசிக்குடாவும் குளம் மாதிரிக் கிடக்கும். அறுகம்பையில் அலைச்சறுக்குக்காரர் வந்து குவிவதும் அப்போதுதான். அதே நேரம் தெற்கே காலி நகரில் கடல் குமுறிக்கொண்டிருக்கும்.

இதை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. சிவனொளிபாதமலைக்கு மார்கழிப் பௌர்ணமியில் ஏறத் தொடங்கி வைகாசிப் பௌர்ணமியோடு நிறுத்திவிடுகிறார்கள். அதற்குப் பிறகு அந்த மலையில் மழையும் மூடுபனியும்தான். கதிர்காமத்துக்கு எங்கள் பக்கத்தால் நடந்து போகிறவர்கள் ஆடிக் கொடியேற்றத்தை ஒட்டிக் குமணக் காட்டுக்குள் இறங்குவார்கள், குமுக்கனாற்றில் கால் வைத்து நடந்தே அக்கரை போகிற காலம் அது. ஹோட்டல் இணையதளத்தை விட எனக்கு இந்த இரண்டு பயணமும் நம்பிக்கையான நாட்காட்டி.

அதற்காக மாரியில் கிழக்குப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. தை மாதம் வந்தால் பெரும்போக வயல் கண்ணுக்கு எட்டிய தூரம் பச்சை, குளமெல்லாம் நிறைந்து நிற்கும். ஆடியில் வருகிறவருக்கு அந்தப் பச்சையில் பாதியும் கிடைக்காது. எனக்கு ஊர் பிடித்த மாதம் தைதான். கடலில் குளிக்கிற எண்ணத்தை மட்டும் விட்டுவிட்டு வாருங்கள்.

ஐப்பசி, கார்த்திகை என்றால் நான் யாரையும் வரச் சொல்வதில்லை. அப்போது நாடு முழுக்க மழை, வங்காள விரிகுடாவில் தாழமுக்கம் எப்போது உருவாகும் என்று சொல்ல முடியாது. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளியை மட்டக்களப்பில் வயதான ஆட்களிடம் கேட்டுப் பாருங்கள், எந்தத் தென்னை எந்தப் பக்கம் விழுந்தது என்பது வரை சொல்வார்கள்.

மச்சாள் இப்போது ஏப்ரல் எப்படி என்று கேட்டு வாட்ஸ்அப் போட்டிருக்கிறாள். இரண்டு பக்கக் கடலும் அனேகமாக அடங்கியிருக்கும், பின்னேரத்தில் இடியோடு ஒரு மழை வரலாம், வெக்கை தாங்காது, சித்திரை வருசத்துக்கு நாலு நாள் கடையும் இல்லை வாகனமும் இல்லை என்று பதில் போட்டேன். யோசித்துவிட்டு ஆடிக்கு வருகிறேன் என்றாள். சின்னவன் அந்த வாளியை இன்னும் வைத்திருக்கிறானாம்.