காப்பீட்டு கார்டு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்

மூக்கில் குழாயோடு ஒரு குழந்தை, கீழே ஜிபே நம்பர். இப்படிப் படம் வந்தால் ஐநூறு ரூபாய் அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பேன். போன வருடம் திருவண்ணாமலைப் பக்கம் ஒரு குடும்பத்தோடு அலைந்த பிறகு அது போதாது என்று புரிந்தது.

மூன்று வயதுப் பெண் குழந்தை. இதயத்தில் ஓட்டை. சோறு ஊட்டினாலே நெற்றி வியர்த்துவிடும், நாலு வாய்க்கு மேல் இறங்காது. அப்பா கரும்பு வெட்டப் போகிறவர். ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டரை லட்சம் கேட்டிருக்கிறார்கள். காப்பீடு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நான் போகும்போது இரண்டு ஆடு விற்றாகிவிட்டது, அம்மாவின் தோடு மூன்று வட்டிக்கு அடகில் இருந்தது.

ரேஷன் கார்டை எடுங்கள் என்றேன். அது இருந்த மஞ்சள் பைக்குள்ளேயே நாலாக மடித்த ஒரு சீட்டு. அங்கன்வாடிக்கு வந்த மருத்துவக் குழு ஆறு மாதத்துக்கு முன்பே பரிசோதித்து, அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி எழுதிக் கொடுத்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் மருந்துச் சீட்டு என்று நினைத்து பத்திரமாக வைத்திருந்தார்கள். கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சே வரவில்லை.

முதலமைச்சர் காப்பீட்டில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. இதய ஆபரேஷனும் அதில் வரும். ஆனால் குழந்தையின் பெயரே ரேஷன் கார்டில் ஏறவில்லை. அதற்கு இ-சேவை மையம், வருமானச் சான்றுக்கு விஏஓ, அப்புறம் காப்பீட்டு கார்டுக்கு கலெக்டர் ஆபீஸ். ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் கூலி போனது. "அண்ணா, நீங்க கேட்டா பதில் சொல்றாங்க, நான் கேட்டா நாளைக்கு வாங்கன்னு சொல்றாங்க" என்றார் குழந்தையின் அப்பா. இதற்காகத்தான் சொல்கிறேன், படித்தவர் ஒருவர் கூடப் போவது பணத்தைவிடப் பெரிய உதவி.

பணம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. திட்டத்தில் வராத சிகிச்சைகளும் உண்டு. ஆபரேஷன் சென்னையில் காப்பீட்டிலேயே முடிந்தது. ஆனால் வார்டுக்குள் அம்மா மட்டும்தான். அப்பா பதினோரு நாள் வராண்டாவில் துண்டு விரித்துப் படுத்தார். சாப்பாடு, பஸ், போன கூலி, ஏறுகிற வட்டி, இதற்கெல்லாம் எந்தக் கார்டும் கிடையாது. நண்பர்கள் சேர்த்த 18,000 ரூபாயும் இங்கேதான் போனது.

தோடு வீட்டுக்கு வந்துவிட்டது. ஆடு இன்னும் வாங்கவில்லை. அடுத்த மாதம் ரிவியூ, சென்னைக்குப் போக வேண்டும். நான் லீவு சொல்லிவிட்டேன்.