சோளம் சுட்டு முடியட்டும், பஸ் அப்புறம் போகும்

கொடைக்கானல் மலை ரோட்டில், வெள்ளி நீர்வீழ்ச்சி வளைவில் இதுவரை மாட்டாத புண்ணியவான்கள் இதைப் படிக்க வேண்டாம். மற்றவர்கள் வாங்க, சேர்ந்து வயிறெரிவோம்.

சனிக்கிழமை காலை, வத்தலக்குண்டிலிருந்து ஏறும் அரசு பஸ். நிற்கக்கூட இடமில்லை. வளைவில் ஒரு வெள்ளைக் கார், நட்ட நடு ரோட்டில், ரெண்டு பக்கமும் இண்டிகேட்டர் மின்ன நிற்கிறது. அதைப் போட்டுவிட்டால் போதும், ரோடு அவர்கள் தாத்தா சொத்து! டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார். "பிரதர், ரெண்டே நிமிஷம்" என்று இரண்டு விரலைக் காட்டினார் ஒரு கூலிங் கிளாஸ்காரர். என்ன தலைபோகிற வேலை? சோளம் வாங்குகிறார்.

சரி, வாங்கினோமா, கிளம்பினோமா? அதுதான் இல்லை. முதல் கதிர் கருகிவிட்டதாம், வேறு சுட வேண்டுமாம். கடைக்கார அக்கா கரியை விசிறுகிறார். பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கிறது. எலுமிச்சை தேய்த்தாச்சு, மிளகாய்ப்பொடி தூவியாச்சு. அப்போது காருக்குள்ளிருந்து ஒரு குரல்: "பாப்பாவுக்குக் காரம் வேணாங்க!" மறுபடி விசிறல். அப்புறம் ஜிபே. மலையில் டவர் கிடைக்குமா? போனைத் தூக்கிக்கொண்டு பாறை வரைக்கும் போய் வந்தார். பணம் போனதும் கிளம்பினாரா? அருவி பின்னால் தெரிய ஒரு செல்ஃபி. கண்டக்டர் விசில் ஊதி ஊதி ஓய்ந்தே போனார்.

மலைக்கு வரும் வண்டிகள் முன்கூட்டியே ஆன்லைனில் எடுக்க வேண்டிய அனுமதிச் சீட்டு, அதாவது இ-பாஸ், வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார்கள். 2024 மே 7 முதல் இருக்கிறது. 2025 கோடையில் உயர் நீதிமன்றம் உச்சவரம்பே வைத்தது: கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, சனி ஞாயிறில் 6,000. எண்ணுவதெல்லாம் வண்டியை. உள்ளே எத்தனை தலை என்று யார் எண்ணுகிறார்கள்? மூன்று பேர் வந்த காருக்கும் ஒரு பாஸ், ஏழு பேர் வந்த காருக்கும் ஒரு பாஸ். ஐம்பது அறுபது பேரைச் சுமக்கும் அரசு பஸ்ஸுக்கு இ-பாஸ் வேண்டாம், ரொம்பப் பெரிய மனசு! ஆனால் அது அந்த 6,000 காருக்கும் பின்னால்தான் ஊர்ந்து வர வேண்டும். காரை அடிவாரத்திலேயே நிறுத்தச் சொல்லி, அங்கிருந்து கால் மணிக்கு ஒரு பஸ் விட்டால் என்ன குடிமுழுகிப் போகும்? அதைச் சொன்னால் ரோப் கார் வரும், ரோட்டை அகலமாக்குவோம் என்கிறார்கள். அகலமாக்குங்க, சோளக் கடை இரண்டாகும்.

ஊட்டிக்காரர்களுக்காவது 1908-லேயே ரயில் மேலே ஏறிவிட்டது. நமக்கு வாய்த்தது அடிவாரத்துக் கொடை ரோடு ரயில் நிலையம். பேரில் மட்டும் கொடை. மலையேற எண்பது கிலோமீட்டர் பாக்கி இருக்கும் இடத்துக்கு இந்தப் பேரை வைத்த மகராசன் யாரோ! சென்னை மாமா ஒருத்தர் விடியற்காலையில் அங்கே இறங்கி, ஸ்வெட்டர், மங்கி குல்லா எல்லாம் மாட்டிக்கொண்டு எனக்குப் போன் போடுகிறார்: "மாப்ளே, வந்துட்டோம். ஏரி எந்தப் பக்கம்?"

முதல்ல ஸ்வெட்டரைக் கழட்டுங்க மாமா, வேர்த்துக் கொட்டப்போகுது.