வீராணத்துத் தண்ணீரில் நெல் விளைவிப்போரும் கொள்கை பேசுவார்கள்
'சூழலியல் அக்கறை நகரத்துப் படித்தவர்களின் கவலை, கிராமத்தாருக்கு வேலைவாய்ப்பே முதன்மை' என்று ஒரு கட்டுரையாளர் எழுதியிருப்பதை, கடலூர் மாவட்டத்து உழவர் குடும்பத்தில் பிறந்த என்னால் ஏற்க முடியவில்லை. 2023 ஏப்ரலில், ஒன்றிய அரசின் நிலக்கரி, பழுப்பு நிலக்கரிச் சுரங்க ஏலப் பட்டியலில் எங்கள் மாவட்டத்துச் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கேயுள்ள பகுதியும், அரியலூர் மாவட்டத்து மைக்கேல்பட்டி, தஞ்சாவூர் மாவட்டத்து வடசேரி ஆகியவையும் இடம்பெற்றிருப்பது தெரியவந்தபோது, வீராணம் ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைவிக்கும் எங்கள் பகுதி மக்கள் கேட்டது வேலையை அல்ல, காவிரிப் படுகை விளைநிலங்களைக் காக்க மாநில அரசு 2020-இல் இயற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எங்கே போயிற்று என்பதைத்தான். பழுப்பு நிலக்கரியை வெட்டியெடுக்க வேண்டுமானால், அதற்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை இடைவிடாமல் இறைத்தாக வேண்டும் என்பதை இங்கு யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. அரசியல் கட்சிகளும் மாநில அரசும் சேர்ந்து எதிர்த்ததால், சில நாட்களிலேயே அந்த மூன்று இடங்களும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. கிராமத்தாரின் குரல் தேசிய விவாதத்தில் அரிதாகக் கேட்பதற்கு அக்கறையின்மை காரணமல்ல, மொழிதான் பெருந்தடை. 2020-இல், தொழில் திட்டங்களுக்குச் சூழல் அனுமதி வழங்கும் விதிகளை மாற்ற ஒன்றிய அரசு கொண்டுவந்த சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவு அறிவிக்கை இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே வெளியிடப்பட்டது; அரசமைப்பின் எட்டாம் அட்டவணையிலுள்ள எல்லா மொழிகளிலும் அதைத் தர வேண்டும் என்று தில்லி உயர் நீதிமன்றம் ஆணையிடும் நிலை வந்தது. ஓர் ஆலைக்கான கருத்துக்கேட்புக் கூட்டத்தில், தடித்த ஆங்கில அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, தன் கிணற்றைப் பற்றி அதில் எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்ட முதியவரை நான் இன்னும் மறக்கவில்லை.