வாள் இருக்கிறது, மதகு எங்கே?

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கிறவர்கள் படியுங்கள்.

சோழர் வரலாற்று ரசிகர்கள் சிலர் சேர்ந்து பிரவுசர் கேம் போட்டி ஒன்று வைத்தார்கள். குழுவின் பெயர் வேண்டாம், கைக்காசு போட்டு நடத்துகிற நல்ல பிள்ளைகள். எதையும் இன்ஸ்டால் செய்யக் கூடாது, லிங்கைத் தொட்டால் போனிலேயே ஓட வேண்டும், கரு சோழ நாடு. விதி இவ்வளவுதான். நானும் ஒன்று செய்து அனுப்பினேன். முடிவு வந்துவிட்டது, பரிசு எனக்கு இல்லை. ஜெயித்த விளையாட்டு நன்றாகவே இருந்தது, என் அக்கா மகள் இன்னும் அதைக் கீழே வைக்கவில்லை. ஆகவே வயிற்றெரிச்சலில் எழுதுகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம்.

ஆனால் போட்டிக்கு வந்தவற்றை எல்லாம் வரிசையாக ஆடிப் பார்த்தபோது ஒன்று உறுத்தியது. ஒருவன் ஓடுகிறான். பள்ளம் வந்தால் தாவுகிறான். எதிரே வருகிறவனை வாளால் வெட்டுகிறான். வழியெல்லாம் பொற்காசு. பின்னால் பெரிய கோயில் விமானம் மெதுவாக நகர்கிறது. அடுத்த விளையாட்டில் அதே ஆள் குதிரையில் வருகிறான். அதற்கடுத்ததில் கப்பலில் வருகிறான், கடலில் காசு மிதக்கிறது. விமானத்தை எடுத்துவிட்டு பிரமிடை வைத்தால் எகிப்து ஆகிவிடும். புலிக்கொடிக்குப் பதில் வேறு கொடி வைத்தால் எந்த நாட்டு ராஜாவும் அதில் ஓடலாம். நிரலில் ஒரு வரியைக்கூடத் தொட வேண்டாம், படக் கோப்புகளை மாற்றினால் போதும்.

அப்படி மாற்ற முடிகிற ஒன்றைச் சோழ நாட்டு விளையாட்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டில் பேசுவது விதிதான். எதைச் செய்தால் ஜெயிப்பாய், எதைச் செய்தால் தோற்பாய், எது உன் கையில் இல்லை, இதையெல்லாம் வைத்துத்தான் அது ஓர் ஊரைப் பற்றி எதையாவது சொல்ல முடியும். எதிரியைத் தொட்டால் சாவாய் என்பது எல்லா ஊருக்கும் பொது.

சரி, சோழ நாட்டுக்கென்று இருக்கிற விதி எது? என்னைக் கேட்டால் தண்ணீர்ப் பங்கு. காவிரி டெல்டா ஆட்களுக்கு விளக்க வேண்டாம், வெளியூர் நண்பர்களுக்காகச் சொல்கிறேன். கல்லணைக்கு வருகிற ஆறு அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிகிறது. அந்த வெண்ணாற்றிலிருந்து தென்பெரம்பூரில் வெட்டாறு பிரிகிறது. இன்னும் கீழே நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் கோரையாறும் பாமணியாறும் பிரிகின்றன. காவிரிப் பக்கம் குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன் என்று அது ஒரு தனிக் குடும்பம். ஆறு முடிந்தால் வாய்க்கால், கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால், கடைசியில் மடை. ஒவ்வொரு பிரிவிலும் யாரோ ஒருவர் நின்று, இந்தப் பக்கம் எவ்வளவு, அந்தப் பக்கம் எவ்வளவு என்று முடிவு செய்தாக வேண்டும். மேட்டூரில் 120 அடி நிரம்பி 93 டி.எம்.சி. இருந்தாலும் சரி, பாதிதான் இருந்தாலும் சரி, இந்த முடிவு தப்பினால் தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் நாற்று அழுகும், கடைசியில் வந்து சேரும் கடைமடையில் நாற்றே விட முடியாது.

இது நேற்று வந்த தலைவலியும் இல்லை. சோழர் செப்பேடுகளை வாசித்துப் பாருங்கள். ஒரு ஊரைத் தானமாகக் கொடுக்கும்போது, அதன் வாய்க்காலைப் பற்றி எத்தனை கண்டிஷன்! வாய்க்காலைக் குறுக்கே வெட்டித் தண்ணீரைத் திருப்பக் கூடாது, குற்றேத்தம், அதாவது சின்ன ஏற்றம், வைக்கக் கூடாது, கூடையால்கூட இறைக்கக் கூடாது. கூடையால் இறைக்கிறவனையும் நினைத்துப் பார்த்து விதி எழுதியிருக்கிறார்கள் என்றால், எத்தனை பேர் இறைத்திருப்பார்கள்! அதைப் படித்தபோதுதான் எனக்கு இந்த விளையாட்டு தோன்றியது. ராஜா தன் கைப்பட விதிப் புத்தகத்தையே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், நாம் அவரைப் பிடித்துத் தாவவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

என் விளையாட்டு இப்படி. திரையில் மேலிருந்து கீழே ஓர் ஆறு. இரண்டு பக்கமும் ஊர்கள், ஊருக்கு ஒரு மதகு, மதகுக்குப் பலகை. விரலால் பலகையை மேலே இழுத்தால் திறக்கும், கீழே இழுத்தால் மூடும். ஆடியில் புதுப்புனல் வரும், தையில் அறுப்பு. நடுவில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பது உங்கள் கையில் இல்லை. மதிப்பெண் கணக்கில்தான் என் அரசியல் இருக்கிறது. எல்லா ஊர் விளைச்சலையும் கூட்டி மதிப்பெண் போட்டால், ஆடுகிறவர் தலைமடை ஊர்களை நிரப்பிவிட்டுக் கடைசி ஊரைக் கைவிடுவார். அதுதான் லாபம், யாரும் அப்படித்தான் ஆடுவார்கள். அதனால் கூட்டவே இல்லை. கடைமடை ஊரில் எத்தனை கலம் நெல் விளைந்ததோ, அதுதான் உங்கள் மதிப்பெண். அதற்காக மேல் ஊர்களைக் காயப்போட்டாலும் நடக்காது, அவர்கள் கோபம் ஏறும், கரையை வெட்டுவார்கள்.

தண்ணீரை எப்படி ஓடவிட்டேன் என்று கேட்ட நண்பர்களுக்கு: பெரிய கணிதம் எதுவும் இல்லை. ஆற்றைச் சின்னக் கட்டங்களாகப் பிரித்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டமும் தன்னிடம் இருப்பதில் ஒரு பங்கைத்தான் அடுத்த கட்டத்துக்குத் தள்ளும். இது ஒன்று போதும், தலைப்பில் திறந்தால் கடைசிக்குப் போய்ச் சேர நேரமாகும், தலைப்பில் மூடினாலும் ஆற்றில் நிற்கிற தண்ணீர் கீழே வந்துகொண்டே இருக்கும். மேட்டூரில் திறந்தது கல்லணைக்கு வரவே மூன்று நாள் போல ஆகிறதே, அந்தப் பொறுமை விளையாட்டிலும் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இதை யாரிடம் கொடுத்துச் சோதிப்பது? தலைஞாயிறு பக்கம் என் சித்தப்பா விவசாயம் பார்க்கிறார். அவரிடம் போனைக் கொடுத்தேன். மற்றவர்கள் எல்லாரும் தாங்கள் தொட்ட மதகையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் மேல் பலகையை இழுத்து மூடிவிட்டு, கண்ணைத் திரையின் அடியில் வைத்துக்கொண்டார். "நிக்கலையே, வந்துகிட்டுல்ல இருக்கு" என்று சிரித்தார். பாஸ் ஆகிவிட்டோம் என்று நான் நிமிர்வதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"ஏன் தம்பி, இதுல ராத்திரியே வராதா?"

"ராத்திரி எதுக்குச் சித்தப்பா?"

"பகல்ல எவன்டா மடையத் திருப்புவான்? நீ பத்து மணிக்குத் தொறந்து வுட்டுட்டு வந்து படுத்தியன்னா, விடியக்காலைல போயி பாரு, களிமண்ண வச்சு அடைச்சிருப்பான். அடைச்சது யாருன்னு கேட்டா ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்."

அப்படித்தான் ராத்திரி வந்தது. திரை இருட்டாகும், உங்கள் கையில் ஒரே ஒரு தீவட்டி. அதை விரலால் எந்த மதகுக்கு நகர்த்துகிறீர்களோ அங்கே மட்டும் வெளிச்சம். மற்ற இடத்தில் என்ன நடந்தது என்று விடிந்தால்தான் தெரியும். விளையாட்டிலேயே நன்றாக வந்த பகுதி இதுதான். அது என் மூளையில் உதித்ததல்ல. இரவில் டார்ச் லைட்டோடு வரப்பில் நின்ற மனிதரிடமிருந்து வந்தது. ரசிகர் போட்டிகளில் எனக்கு இருக்கிற ஆசையே இதுதான். தெரிந்த ஆளிடம் போய்க் கேட்டு, அவர் சொல்வதை விதியாக்க வேண்டும். அதைவிட்டு இணையத்தில் கிடைக்கிற கிரீடப் படத்தைத் தேடி இறக்குவதில் என்ன ரசனை இருக்கிறது?

நடுவர் குறிப்பில், எதிரி யார் என்று தெளிவாக இல்லை என்று எழுதியிருந்தார்கள். தெளிவாக இல்லைதான். மேல் ஊர்க்காரனும் சம்பாதான் நட்டிருக்கிறான், அவனுக்கும் கடன் இருக்கிறது. அவனை வெட்டினால் தண்ணீர் வந்துவிடுமா? இன்னொருவர், ஷட்டர் வேலைக்குப் பரீட்சை எழுதுகிற மாதிரி இருக்கிறது என்றார். அதைப் படித்து நானே சிரித்துவிட்டேன், அதில் நியாயமும் உண்டு. ஆரம்பத்தில் மெதுவாகத்தான் போகிறது. ஆனால் தாவலும் வெட்டும் இருந்தால்தான் சுவாரசியம் என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். இருட்டில் தீவட்டியை எங்கே வைப்பது என்று தவித்தவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

படங்களுக்காக உயிரை விடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஜேஎஸ்13கே என்று ஒரு பிரவுசர் கேம் போட்டி 2012இலிருந்து வருஷா வருஷம் நடக்கிறது. ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 13 வரை நேரம். மொத்த விளையாட்டையும் ஜிப் செய்தால் 13 கிலோபைட்டுக்குள் அடங்க வேண்டும், கறாராகச் சொன்னால் 13,312 பைட். வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படம்கூட அதைவிடப் பெரியது. அந்த இடத்தில் ராஜா படத்தை எங்கே வைப்பது? வேறு வழியின்றி விதியில் மூளையைச் செலவழிப்பார்கள். 2023இல் அவர்கள் கொடுத்த கருவே 13ஆம் நூற்றாண்டு. மூன்றாம் ராஜேந்திரனோடு 1279இல் சோழர் ஆட்சி முடிகிற நூற்றாண்டு அது. நம் ஆட்கள் புகுந்து விளையாடியிருக்க வேண்டிய வருஷம். நம் ரசிகர் போட்டியிலும் அடுத்த முறை இப்படி ஓர் அளவுக் கட்டுப்பாடு வைக்கலாம்.

சினிமா சமாச்சாரத்தையும் சொல்லிவிடுகிறேன். பாதி விளையாட்டுகளில் ராஜராஜன் ஏதாவது ஒரு நடிகரின் முகத்தோடு வந்தார், பின்னணியில் படத்தின் பாட்டு. ராஜராஜன் யாருக்கும் சொந்தமில்லை, கல்வெட்டும் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் படத்துக்கும் பாட்டின் ஒலிப்பதிவுக்கும் நம் நாட்டுச் சட்டப்படி வெளியாகி 60 வருஷம் பதிப்புரிமை உண்டு. பரிசு கொடுத்த பிறகு யாராவது நோட்டீஸ் விட்டால் போட்டி நடத்திய பிள்ளைகள்தான் மாட்டுவார்கள். சட்டத்தைவிட எனக்கு உறுத்துவது வேறு. நாம் சோழருக்கு ரசிகர்களா, சோழ வேஷத்துக்கு ரசிகர்களா?

தமிழில் செய்ய நினைக்கிறவர்களுக்கு இடையில் ஒரு எச்சரிக்கை. வசனம் எழுத்து எழுத்தாகத் திரையில் விழுகிற மாதிரி செய்யாதவர் இல்லை. ஆங்கிலத்துக்கு எழுதிய நிரலை அப்படியே எடுத்துப்போட்டால், கொள்ளிடம் என்பதில் முதலில் க விழும், அப்புறம் அது கொ ஆகும், ள விழுந்த பிறகு அதன் தலையில் புள்ளி வந்து உட்காரும். திக்குவாய் போல இருக்கிறது. உயிர்மெய்யை முழு எழுத்தாகப் பிரித்துக் கொடுக்கிற செக்மென்டர் (Intl.Segmenter) என்ற கருவி இப்போது முக்கியமான பிரவுசர்கள் எல்லாவற்றிலும் கூடவே வருகிறது, அதை வைத்துப் பிரியுங்கள். எழுத்துகளைப் படமாகக் கோத்து வைக்கிற பழைய முறையும் நம் எழுத்துக்குச் சரிப்படாது. சத்தமும் அப்படித்தான், ஆடுகிறவர் திரையைத் தொடும் வரை பிரவுசர் அதை விடாது, ஆகவே முதலில் ஒரு தொடங்கு பொத்தான் வைத்துவிடுங்கள்.

போட்டி நடத்துகிற தம்பிகளிடம் ஒரே ஒரு விண்ணப்பம். அடுத்த வருஷம் முதல் சுற்றில் எல்லா விளையாட்டின் படங்களையும் எடுத்துவிட்டு, சாம்பல் நிறக் கட்டங்களாக வைத்து ஆடிப் பாருங்கள். கட்டங்களை மட்டும் பார்த்து, இது நம்ம ஊர் விவகாரம் என்று நடுவருக்குப் புரிகிறதா? புரிந்தால் இரண்டாம் சுற்றுக்கு அனுப்புங்கள், அங்கே படத்துக்கும் பாட்டுக்கும் மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம். கப்பல் விளையாட்டு செய்கிறவருக்கும் இது நல்லதுதான். காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கம் அடிக்கும், நாகப்பட்டினத்திலிருந்து எப்போது கிளம்பினால் கடாரம் போய்ச் சேரலாம் என்று அவர் விதி எழுத வேண்டி வரும். அப்படி ஒன்று வந்தால் முதல் ஆளாக நான் ஆடுவேன்.

என் விளையாட்டின் நிரலைத் திறந்தே வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம். அதில் இன்னும் வடிகால் போடவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே திறந்த தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒன்றாகக் கடைமடைக்கு வந்து வயலில் நிற்பது நம் பக்கத்துப் பாதிக் கதை. அதற்கான விதி எனக்குச் சரியாகப் பிடிபடவில்லை. ஆகாயத்தாமரை அடைத்த வடிகால் எவ்வளவு மெதுவாக இழுக்கும், கடல் ஏற்றத்தில் இருக்கும்போது முகத்துவாரத்தில் என்ன ஆகும் என்பதெல்லாம் வேதாரண்யம், கீழையூர் பக்கத்து ஆட்களுக்குத்தான் அத்துப்படி. அதேபோல முறை வைத்துத் தண்ணீர் விடும் வருஷங்களில் உங்கள் ஆற்றில் எத்தனை நாள் திறப்பார்கள், எத்தனை நாள் மூடுவார்கள் என்று ஊர்ப் பெயரோடு எழுதுங்கள். எல்லா ஊருக்கும் ஒரே கணக்கைப் போட்டு வைத்திருக்கிறேன், அதை மாற்ற வேண்டும்.