முள்ளை நம்பி இன்ஜினைப் பிரித்தவர்கள்

முப்பது வயதைத் தொடப்போகும் என் காரில் டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டுக்கு ஏறியது மார்ச் மாதத்தில். அதன்பின் நான்கு மாதங்களில் மூன்று ஒர்க்‌ஷாப்புகளின் படியேறி, வாட்டர் பம்ப், ரேடியேட்டர், ஹெட் கேஸ்கட் என்று ஒவ்வொன்றாக மாற்றி, ஏறக்குறைய 31,000 ரூபாயைக் கொட்டியும் அந்த முள் இம்மியளவும் இறங்கவில்லை. வண்டியின் வயிற்றை இத்தனை முறை கிழித்துப் பார்த்தவர்களில் ஒருவராவது, இன்ஜின் உண்மையில் எத்தனை டிகிரி சூட்டில் ஓடுகிறது என்று அளந்து பார்த்தாரா? ஒருவரும் இல்லை. காய்ச்சல் என்று தூக்கி வந்த பிள்ளையின் நெற்றியைக்கூடத் தொடாமல் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்ததைப் போலத்தான் எனக்கு இருந்தது.

முதல் ஒர்க்‌ஷாப்பில் செய்த வேலை, இன்ஜின் தண்ணீரின் சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி என் கையில் கொடுத்ததுதான். நம் ஊர் வெயிலுக்கு அது தேவையே இல்லை என்ற நம்பிக்கை இங்கே வேதவாக்காக வழங்கி வருகிறது. என் வண்டியின் தெர்மோஸ்டாட் 82 டிகிரியில் திறக்கும் வகை. இன்ஜின் சீக்கிரம் சூடேறி, தனக்கு உகந்த வெப்பநிலையிலேயே நின்று ஓட வேண்டும் என்பதற்காகத்தான் அதை அங்கே வைத்திருக்கிறார்கள். அதை எடுத்துவிட்டால் இன்ஜின் நெடுநேரம் குளிர்ந்தே ஓடிப் பெட்ரோலைக் குடிக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். திறக்கும்போதே, ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் சுற்றும் பைபாஸ் வழியையும் அடைக்கும் வகைத் தெர்மோஸ்டாட்டாக இருந்தால், அதை நீக்கிய பிறகு சுடுநீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் இன்ஜினுக்குள்ளேயே சுற்றி வந்து, இல்லாத சூட்டை உண்டாக்கிவிடவும் கூடும். இதைச் சொன்னபோது, இருபது வருட அனுபவம் என்ற ஒரே பதிலில் என் வாயை அடைத்துவிட்டார்கள்.

இரண்டாவது இடத்தில் வாட்டர் பம்பையும் ரேடியேட்டரையும் மாற்றினார்கள். அதோடு ஃபேனையும் டைரக்ட் செய்துவிட்டதால், அதாவது சூடேறாமலே ஓடும்படி நேராகக் கரண்டில் இணைத்துவிட்டதால், சாவியைத் திருப்பியவுடனேயே அது அலறத் தொடங்கியது. மூன்றாவது இடத்தில்தான் இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கினார்கள். அதன் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கட் போயிருந்தால், ஆயில் மோர் போல வெளுப்பது, ரேடியேட்டரில் குமிழிகள் எழுவது, கூலண்ட் காரணமில்லாமல் குறைவது, சைலன்சரில் வெள்ளைப்புகை நிற்காமல் வருவது என்று ஏதாவது ஓர் அடையாளமாவது பெரும்பாலும் இருக்கும். இவற்றில் ஒன்றுகூட என் வண்டியில் இல்லை. ஆனாலும் ஹெட் இறங்கியது. அவர்களே ஒரு புதிய தெர்மோஸ்டாட்டையும் போட்டார்கள். முள் மறுபடியும் சிவப்பிலேயே போய் நின்றது.

முள் ஏறியிருக்கும்போது வண்டியை ஓரங்கட்டாமல் ஓட்டச் சொல்பவன் அல்ல நான். முதலில் நிறுத்தத்தான் வேண்டும், சூடு ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தொடவும் கூடாது. ஆனால் நிறுத்திய பிறகு முதலில் கேட்க வேண்டிய கேள்வி, சூடு இன்ஜினில் இருக்கிறதா, மீட்டரில் இருக்கிறதா என்பதுதானே? முள் இரண்டு பக்கமும் பொய் சொல்லக்கூடியது. தண்ணீர் முழுவதும் வற்றிப்போய், அதன் சூட்டை அளந்து மீட்டருக்குச் சொல்லும் சென்சார் வெறும் காற்றில் நின்றால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் சாதுவாகக் கீழே இருக்கலாம். சென்சாருக்குப் போகும் ஒற்றை ஒயர் எங்காவது உரசிப் பாடியில் பட்டுவிட்டால், விடியற்காலையில் சில்லென்றிருக்கும் இன்ஜினிலும் முள் உச்சிக்கு ஏறிவிடும். இந்த ஒயரைக் கழற்றி முள் இறங்குகிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்; அந்த ஒரு நிமிடம்கூட மூன்று இடத்திலும் எவருக்கும் கிடைக்கவில்லை.

எனக்குச் சந்தேகம் வந்ததே ஓர் அவமானத்தில்தான். திருச்சிக்குப் போகும் வழியில் பாடாலூர் அருகே, பெட்ரோல் முள் கால் டேங்க்குக்குச் சற்றுக் கீழே நிற்கும்போதே வண்டி பெட்ரோல் தீர்ந்து நின்றுவிட்டது. பாட்டில் பெட்ரோலுக்காக வெயிலில் காத்திருந்தபோதுதான், இரண்டு மீட்டர்களும் சேர்ந்தாற்போல் கூட்டிச் சொல்கின்றன என்பது உறைத்தது. வீட்டுக்கு வந்து கவனித்தேன்: ஆக்சிலரேட்டரை மிதித்தால் சிறிது நேரத்தில் இரண்டு முள்களும் ஒன்றாக ஏறின, ஐட்லிங்கில் ஹெட்லைட்டைப் போட்டால் இரண்டும் ஒன்றாக இறங்கின. ஹெட்லைட்டைப் போட்டால் இன்ஜின் குளிர்ந்துவிடுமா? ஒரு குடம் வெந்நீர் ஆறுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று அறிந்த எவருக்கும், இது தண்ணீரின் வேலையல்ல, கரண்டின் வேலை என்று அந்த நொடியிலேயே புரிந்திருக்கும்.

பழைய கார்கள் பலவற்றில் இந்த இரண்டு மீட்டர்களுக்கும் ஒரே சின்ன வோல்டேஜ் ஸ்டெபிலைசர்தான் உண்டு. பேட்டரியிலிருந்து வருவதைச் சராசரியாக 10 வோல்ட்டுக்குக் குறைத்துக் கொடுப்பது அதன் வேலை. அதன் எர்த், அதாவது வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு, விட்டுப்போனால் குறைக்கும் வேலை நின்று, ஓடும் வண்டியின் முழு 14 வோல்ட்டும் நேராக மீட்டருக்குப் போய், இரண்டு முள்களும் உள்ளதைவிட மேலே நிற்கும். டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது அந்த எர்த் திருகு துருவேறிக் கிடந்தது. உப்புத்தாளால் நான்கு தேய்ப்பு தேய்த்து இறுக்கினேன். முள் நடுவில் வந்து நின்றது. நம்பிக்கையில்லாமல் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்றை வாங்கித் தெர்மோஸ்டாட் மூடியின் மேல் பிடித்துப் பார்த்தேன், 84 டிகிரி. அந்தக் கருவியின் விலை, ஹெட்டை லேத்துக்குக் கொடுத்துத் தேய்த்த கூலியில் பாதிகூட இல்லை.

முதல் நாள் கழற்றிக் கொடுத்த பழைய தெர்மோஸ்டாட்டையும் விடவில்லை. அடுப்பில் தண்ணீர் வைத்து, அதை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சூடேற்றினேன். எந்தக் குறையும் இல்லாமல் திறந்தது. ஆனால் பழுதே இல்லாத இன்ஜினைப் பிரித்து மூடியதிலிருந்து இன்ஜினின் மேல்மூடியான டேப்பெட் கவரின் ஓரத்தில் ஆயில் கசிந்துகொண்டிருக்கிறது. மூன்றாவது ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டேன். வண்டிக்கு வயதாகிவிட்டது, விற்றுவிடுங்கள் என்கிறார்கள்.